வெள்ளிக்கிழமைப் பின்னூட்டம்

அந்த அக்கா என் கடைக்கு வரும்போதெல்லாம் பிரிண்டருக்குத் தாள் வைக்கிற சாக்கில் நான் குனிந்துவிடுவேன். தாள் ஏற்கெனவே நிறைய இருக்கும். அதை வெளியே எடுத்து, மேசையில் தட்டி, மறுபடி உள்ளே வைப்பேன். தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னக் கடை. பாஸ்போர்ட் விண்ணப்பம், பட்டா நகல், வருமானச் சான்று என்று ஆன்லைனில் போட்டுக் கொடுப்பது தொழில். அக்கா வருஷத்துக்கு நாலைந்து தடவை வருவார். "தம்பி, நல்லா இருக்கீங்களா?" என்பார். "இருக்கேன் அக்கா" என்று தாளைப் பார்த்தே சொல்வேன். ஒன்பது வருஷமாக இந்த நாடகம் நடந்தது. போன மாதம் அவர் தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்குத் தாள் தட்டித் தப்பிக்க முடியவில்லை.

நடந்ததைச் சொல்ல வேண்டுமானால், நான் என்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டிருந்த காலத்திலிருந்து தொடங்க வேண்டும். எனக்கே எரிச்சலாக இருக்கிறது. ஆனாலும் வேறு வழியில்லை.

அப்போது இதே கடை பிரவுசிங் சென்டர். ஆறு கம்ப்யூட்டர், நடுவே பிளைவுட் தடுப்பு. தமிழில் வலைப்பதிவு எழுதுவது ஊர் ஊராகப் பரவியிருந்த நேரம். இலவசமாக இடம் கொடுக்கும் தளத்தில் ஒரு பெயரைப் பதிந்தால் போதும், அஞ்சு நிமிஷத்தில் நீங்களும் எழுத்தாளர். பத்திரிகை ஆசிரியர் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார். நானும் ஒன்று தொடங்கினேன். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா இல்லையா என்பதுதான் என் சரக்கு. சீசன் தொடங்கிவிட்டால் காலையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போவேன். ஐந்து கிளையில் எத்தனையில் விழுகிறது, கூட்டம் எப்படி, போலீஸ் குளிக்க விடுகிறதா என்று பார்த்துவந்து எழுதுவேன். கூடவே சாரல், மேகம், மனசு என்று கொஞ்சம் இலக்கியத்தையும் தூவுவேன். சிங்கப்பூரிலிருந்தெல்லாம் படித்தார்கள். புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் வரிசையாகக் காட்டும் தளத்துக்குத் திரட்டி என்று பெயர். அதில் என் தலைப்பு மேலே வந்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு வேண்டாம்.

ஒவ்வொரு பதிவுக்கும் கீழே வாசகர்கள் தங்கள் கருத்தை எழுதலாம். அதைத்தான் பின்னூட்டம் என்றோம். அந்த விஷயத்தில் எனக்கு ஒரு பெரிய கொள்கை இருந்தது. தமிழ் வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் அடிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அப்படி வரும் பின்னூட்டங்களை யோசிக்காமல் நீக்கிவிடுவேன். அதை வீரம் என்று நினைத்தேன். கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கத் தெரியாததால்தான் பாதிப் பேர் அப்படி எழுதினார்கள். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

அக்கா முதலில் வந்தது ஒரு ஸ்கேன் எடுக்க. அவர் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். ஏதோ விசா வேலைக்குக் கல்யாணச் சான்றிதழை அனுப்ப வேண்டியிருந்தது. ஸ்கேன் முடிகிற வரை என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என் பதிவு பாதி அடித்தபடி நின்றது.

"இதுல தமிழ்ல எழுதலாமா தம்பி?"

"எழுதலாம் அக்கா. ஒலகம் பூரா படிப்பாங்க."

"ஒலகம் பூராவும் வேண்டாம். ஷார்ஜாவுல ஒரு ஆளு படிச்சாப் போதும்" என்று சிரித்தார்.

அவருக்கு ஒரு வலைப்பதிவைத் தொடங்கிக் கொடுத்தேன். ரகசியச் சொல்லையும் நானே வைத்தேன். பதிவை நிர்வகிக்கும் வேலையும் என்னிடமே இருந்தது. வாரம் ஒருமுறை மத்தியானத்தில் வந்து, ஓரத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒற்றை விரலால் அடிப்பார்.

முதல் பதிவு அவர்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டைப் பற்றியது. வீட்டுக்காரர் லீவில் வரும்போதுதான் வேலை நடக்கும். போன லீவில் ஒரு சுவர் 4 அடி உயர்ந்து அப்படியே நின்றுவிட்டது. இரண்டு வருஷமாக அந்த அரைச் சுவரில்தான் துணி காய்கிறது, பக்கத்து வீட்டுப் பூனை தூங்குகிறது, வருகிற பெண்கள் எல்லாம் அதில் சாய்ந்துகொண்டு "எப்போ முடிப்பீங்க" என்று கேட்கிறார்கள். இவ்வளவுதான் பதிவு. ஒரு இடத்தில்கூட ஏக்கம் என்ற சொல்லோ பிரிவு என்ற சொல்லோ இல்லை. படித்து முடித்ததும் எனக்கு வயிற்றெரிச்சல். அப்படியே சொல்லிவிடுகிறேன், பொறாமைதான். நான் மூன்று பத்தி மேகம் எழுதி வாங்கும் பின்னூட்டங்களை அவர் ஒரு பூனையை வைத்து வாங்கிவிட்டார்.

அந்தப் பதிவுக்கு ஷார்ஜாவிலிருந்து யாரோ ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துப் பின்னூட்டம் போட்டிருந்தார்கள். நீக்கினேன். அடுத்த வாரமும் வந்தது, நீக்கினேன். இப்படி நாலு. நாலாவதை நீக்கிய பிறகு கோபத்தில் நானே அங்கே எழுதினேன்: இது தமிழ் வலைப்பதிவு, தமிழில் எழுத முடியாதவர்கள் படித்துவிட்டுப் போகலாம், இங்கே குப்பை கொட்ட வேண்டாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பதில் வந்தது. அதுவும் ஆங்கில எழுத்தில்தான். மன்னிப்புக் கேட்டிருந்தார். அதை மட்டும் நான் நீக்கவில்லை. மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

அக்கா அடுத்த முறை வந்தபோது சிரிப்பு தாங்காமல் சொன்னார். "தம்பி, நீங்க வெரட்டி விட்டது எங்க மச்சானத்தான்."

அவர்கள் வழக்கத்தில் வீட்டுக்காரரை மச்சான் என்றுதான் சொல்வார்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், "யாரா இருந்தாலும் சட்டம் சட்டந்தான் அக்கா" என்றேன். அதற்கும் சிரித்தார். நாலு பின்னூட்டத்தையும் நான் சரியாகப் படிக்கக்கூட இல்லை. அவற்றில் என்ன எழுதியிருந்தார் என்பது எனக்கும் தெரியாது.

அந்த மனிதர் மூன்றே வாரத்தில் தமிழ் அடிக்கக் கற்றுக்கொண்டார். கம்பெனி அலுவலகத்தில் யாரோ ஒருவரின் கம்ப்யூட்டரில், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதுவாராம். அதற்குப் பிறகு ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை. அக்கா எழுதிய குழம்பில் புளி அதிகம் என்பார். மாடிப்படிக்கு எத்தனை படி என்று கேட்பார். மகள் நடக்க ஆரம்பித்ததைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று சண்டைக்கு வருவார். அக்கா அதற்குக் கீழே பதில் எழுதுவார். அவர்களுடையது கூட்டுக் குடும்பம். போன் வந்தால் ஸ்பீக்கரில் வீடே சுற்றி உட்கார்ந்து பேசும், அக்கா முறை வருவதற்குள் அவர் அங்கே வாங்கிய போன் கார்டு தீர்ந்துவிடும். வீட்டில் வேறு யாரும் வலைப்பதிவு படிப்பதில்லை. அதனால் உலகம் பூரா பார்க்கிற இடத்தில்தான் இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொண்டார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் லீவு முடிந்து போகும்போது எல்லாரும் வேன் பிடித்துத் திருவனந்தபுரம் ஏர்போர்ட் வரை வழியனுப்பப் போவார்கள். கேரள எல்லையில் புளியறை செக்போஸ்ட் தாண்டுவதற்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிற்பார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் டீயைப் பாதியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கேலி செய்து அக்கா ஒரு பதிவு எழுதினார். அதற்கு அவர் எழுதிய பதில் சுமாராக இப்படி இருந்தது: டீ ஆறித்தான் இருக்கும், சூடாக இருக்கிறது என்று பொய் சொல்லுவேன், குடித்து முடித்தால் வண்டியை எடுத்துவிடுவார்களே. அன்றைக்குத் திரட்டியில் அந்தப் பதிவுதான் முதலிடம். என் ஐந்தருவி எங்கேயோ கீழே கிடந்தது.

பிறகு ஒரு புது மோகம் வந்தது. இலவசத் தளத்தில் எழுதுவது வாடகை வீடு, சொந்தப் பெயரில் தளம் வைத்து, அதற்கான மென்பொருளை நாமே நிறுவிக்கொள்வதுதான் சொந்த வீடு என்று பதிவர்கள் எல்லாரும் பேசினோம். நான் ஒரு இடத்தை வாங்கி, என்னுடையதையும் நாலைந்து பேருடையதையும் அதில் குடிவைத்தேன். அக்காவிடமும் சொன்னேன். அவருக்கு இஷ்டமில்லை.

"இது நல்லாத்தானே இருக்கு தம்பி. அங்கன எதுக்கு?"

"அந்தக் கம்பெனிக்காரன் நாளைக்கே மூடிட்டுப் போயிட்டா என்ன செய்வீங்க? எழுதுனது பூரா போயிரும். நம்ம இடம்னா நம்ம கையில இருக்கும்."

சரி என்றார். எல்லாவற்றையும் புது இடத்துக்கு மாற்றினேன், பின்னூட்டங்கள் உட்பட. அதன் பிறகு பழையதை அழித்துவிட வேண்டும் என்றேன். ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இருந்தால் தேடுபொறி நகல் என்று நினைத்து இரண்டையும் பின்னால் தள்ளிவிடும் என்று விளக்கினேன். அப்போது அப்படி ஒரு பேச்சு இருந்தது உண்மைதான்.

"பழசு ஒரு மூலையில கெடந்தா என்ன தம்பி?" என்று கேட்டார்.

"புரியாமப் பேசாதீங்க அக்கா" என்றேன். அழிக்கும் பொத்தானை நான்தான் அழுத்தினேன்.

தேடுபொறி மட்டும் காரணம் இல்லை என்பதை இங்கேயாவது ஒப்புக்கொள்ள வேண்டும். புதுத் தளத்தில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'வடிவமைப்பும் பராமரிப்பும்' என்று என் பெயரைப் போட்டிருந்தேன். அவரைப் படிக்க வருகிற கூட்டம் என் பெயரையும் பார்க்க வேண்டும் என்ற ஆசை. பழைய முகவரி உயிரோடு இருந்தால் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

அடுத்த வருஷமே அக்காவின் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இறந்துபோனார். ஒரு வியாழக்கிழமை ராத்திரி நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். மகளுக்கு அப்போது நாலு வயசு, வாப்பாவை இரண்டு லீவில் பார்த்ததோடு சரி. நான் துக்கம் கேட்கப் போனேன். அந்த அரைச் சுவரில் யாரோ பாயைக் காயப்போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அக்கா ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் கடைக்கு வந்து அதே ஓரத்துக் கம்ப்யூட்டரில் உட்காருவார்.

"ஒரு நாளைக்கு ஒண்ணுதான் படிப்பேன் தம்பி. மொத்தமாப் படிச்சா தீந்துபோவும்லா."

ஐந்து வருஷம் அப்படி வந்தார். முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

அதற்குள் வலைப்பதிவுக் காலம் முடிந்துவிட்டது. திரட்டியை மூடிவிட்டார்கள். எல்லாரும் லைக் போடுகிற இடத்துக்குக் குடிபோனார்கள். அங்கே நாலு வரி எழுதினால் போதும், நானூறு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். நானும் போனேன். கொள்கை எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை, அங்கே எனக்கு யார் எந்த எழுத்தில் எழுதினாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஐந்தருவியில் நின்று போனைப் பிடித்துக்கொண்டு, "நண்பர்களே, தண்ணி சும்மா கொட்டுது" என்று நேரலை போட ஆரம்பித்தேன். சீசன் கடைகளில் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, நம்ம கடையையும் ஒரு தடவை காட்டுங்க" என்பார்கள். பழ பஜ்ஜி சும்மா கிடைக்கும்.

அப்படி ஒரு ஆடி மாசத்தில்தான் நான் இடம் வாங்கியிருந்த கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. பழைய சர்வரை எடுத்துவிடப் போகிறோம், முப்பது நாளுக்குள் உங்கள் தளங்களை நகல் எடுத்துப் புது சர்வரில் ஏற்றிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு பழையது இருக்காது என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். என் எழுத்தை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பொறுமையாக எடுத்தேன். மற்றவர்களுடையதை அடுத்த நாள் கடையில் கூட்டத்துக்கு நடுவே, ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். நகல் எடுக்கும்போது எழுத்துமுறை எது என்று ஒரு கட்டம் கேட்கும். தமிழ் தாங்கும் முறைக்கு அதை மாற்றாவிட்டால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஒரு கேள்விக்குறியாகிவிடும். ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒன்றும் ஆகாது. இது எனக்குத் தெரியாததா? 'தமிழ்ப் பதிவர்கள் கவனத்துக்கு' என்று இதைப் பற்றிப் பாடம் நடத்திப் பதிவே எழுதியவன் நான். கட்டத்தை மாற்றாமல் எடுத்தேன்.

புது இடத்தில் ஏற்றிப் பார்த்தபோது பக்கம் முழுக்கக் கேள்விக்குறி. அப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பழையது அப்படியே இருந்தது, இருபது நாளுக்கு மேல் மீதி இருந்தது. சீசன் கொஞ்சம் அடங்கட்டும், நிதானமாக எடுக்கலாம் என்று வைத்தேன். அந்த ஆடியில் தண்ணீர் அப்படிக் கொட்டியது. என் நேரலைக்குக் கூட்டம் கூடிக்கொண்டே போனது. ஒருநாள் ஐந்தருவி வண்டி நிறுத்தத்தில் பைக்கைப் பூட்டும்போது சட்டென்று நினைவு வந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், முப்பத்து மூன்றாவது நாள். கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் ரொம்ப மரியாதையாக, ஒன்றும் செய்வதற்கில்லை சார் என்றாள். அன்றைக்கும் உள்ளே போய் நேரலை போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா வந்து ஓரத்தில் உட்கார்ந்து, "தம்பி, தொறக்க மாட்டேங்கு" என்றார்.

நான் எழுந்துகூடப் போகவில்லை. "அந்தக் கம்பெனியவே மூடிட்டாங்க அக்கா. வெளிநாட்டுக்காரன். சொல்லாமக் கொள்ளாம மூடிட்டான். எல்லாருக்கும் போச்சு" என்றேன்.

எழுந்து என் மேசைக்கு வந்தார். அழவில்லை. "அப்போ ஒங்க எழுத்தும் போச்சா தம்பி? எத்தனை வருஷமா அருவி அருவின்னு அலைஞ்சு எழுதுனீங்க" என்றார். என் முகத்தைப் பார்த்து உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"ஆமா அக்கா" என்றேன்.

என் எழுத்து போகவில்லை. ஒரு எழுத்துகூடச் சிதையாமல், பிற்பாடு நான் மாற்றிவைத்த ஒரு இலவசத் தளத்தில் இன்றைக்கும் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. அன்றைக்கு அவர் சொன்ன ஆறுதலைத் தலையாட்டி வாங்கிக்கொண்டேனே, அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அதற்குப் பிறகுதான் அவர் வரும்போதெல்லாம் தாள் தட்ட ஆரம்பித்தேன்.

போன மாதம் கூட வந்த மகள் இப்போது காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருஷம். குனிவதற்கு எனக்கு நேரம் தராமல் நேராக மேசைக்கு எதிரில் வந்து நின்றாள்.

"மாமா, அம்மா பிளாக் ஒண்ணு எழுதுனாங்கல்லா. அந்தக் கம்பெனி மூடிட்டாலும், நீங்க பேக்கப் ஏதாவது எடுத்து வச்சிருப்பீங்கல்லா? பழைய பக்கங்களைச் சேத்து வைக்கிற சைட்லயும் தேடிப் பாத்தேன். மொதப் பக்கம் மட்டுந்தான் இருக்கு, கமெண்ட் ஒண்ணுமில்ல."

"எதுக்கும்மா இப்போ?"

"வாப்பா எப்படிப் பேசுவாங்கன்னு எனக்குத் தெரியாது மாமா. போட்டோதான் இருக்கு. அம்மா சொல்லுதாங்க, அதுல இருக்கு, எல்லா வெள்ளிக்கிழமையும் எழுதுனாங்கன்னு."

அக்கா அவளுக்குப் பின்னால் நின்று, "தம்பிய தொந்தரவு பண்ணாதட்டி. அவங்களுக்கே எல்லாம் போச்சு" என்றார்.

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். தேட என்ன இருக்கிறது? அந்தப் பாழாய்ப்போன நகல் ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில், மேசையின் கீழ் இழுப்பறையில்தான் ஒன்பது வருஷமாகக் கிடந்தது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, திறக்கவும் தைரியம் வரவில்லை. ரெண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் திறந்தேன்.

வரிவரியாகக் கேள்விக்குறி. நடுவில் இடைவெளி, முற்றுப்புள்ளி, எங்காவது ஒரு எண். பின்னூட்டம் எழுதியவரின் மெயில் முகவரியும் தேதியும் மட்டும் தெளிவாக இருந்தன. அக்கா வீட்டுக்காரரின் முகவரியைப் போட்டுத் தேடினேன். ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, எல்லாம் வெள்ளிக்கிழமைகள். சில பின்னூட்டங்கள் ரொம்ப நீளம். அவ்வளவு நீளமாக எழுதினார் என்பதையே நான் மறந்திருந்தேன். ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. இழுத்துக்கொண்டே மேலே போனேன். எல்லாவற்றுக்கும் முன்னால், மன்னிப்புக் கேட்ட அந்த ஒன்று மட்டும் பத்திரமாக நின்றது. ஆங்கில எழுத்தில் அடித்ததால் தப்பியிருந்தது.

நான் அவரைத் திட்டாமல் இருந்திருந்தால், அவர் கடைசி வரை அப்படியே எழுதியிருந்தால், அத்தனை வெள்ளிக்கிழமையும் இன்றைக்கு இருந்திருக்கும். இதை நினைத்தபோது நாற்காலியிலேயே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது நல்லதாகப் போயிற்று. ஐம்பது வயசுக்காரன் அழுவதைப் பார்க்க வெளியே பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்துக்கு என்ன தலையெழுத்து.

அதை அழித்துவிடலாமா என்றும் தோன்றியது. ஒன்றும் கிடைக்கவில்லை அக்கா என்று சொன்னால் கதை அங்கேயே முடிந்துவிடும், அவர் நம்பவும் செய்வார். அவ்வளவு கேவலமான ஆள்தான் நான். ஆனால் அந்தப் பெண் கேட்ட கேள்வி காதிலேயே இருந்தது.

சாயங்காலம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். துக்கம் கேட்கப் போனதற்குப் பிறகு இப்போதுதான் போகிறேன். சுவரைப் பிற்பாடு அக்காவின் அண்ணன் எழுப்பி முடித்திருந்தார். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயந்து நின்றபடியே சொன்னேன்.

"கம்பெனி மூடல அக்கா. நான்தான் தொலைச்சேன். முப்பது நாள் டைம் குடுத்திருந்தாங்க. நான் ஐந்தருவியில வீடியோ எடுத்துக்கிட்டுத் திரிஞ்சேன். என் எழுத்து இருக்கு. ஒங்களுதுதான் போச்சு. ஒங்ககிட்ட பொய் சொன்னேன்."

மகள்தான் முதலில் பேசினாள். "முப்பது நாளா மாமா?" என்றாள். லேப்டாப்பை என் கையிலிருந்து கிட்டத்தட்டப் பிடுங்கித் திறந்தாள். கீழும் மேலும் இழுத்துப் பார்த்தாள். ஏதேதோ செய்து பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "கேள்விக்குறியாவே சேவ் ஆயிருக்கும்மா. இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கேள்விக்குறிகளுக்கு நடுவில் ஒரு 4 இருந்ததைத் தொட்டு, "இது சுவரப் பத்தி எழுதுனது" என்றார். தன் எழுத்தை எண்களை வைத்தே அடையாளம் கண்டுகொண்டார். பதிவுகள் முடிந்து வீட்டுக்காரரின் நீளமான பின்னூட்டங்களுக்கு வந்தபோது விரல் நின்றுவிட்டது. அவற்றில் பிடித்துக்கொள்ள ஒரு எண்கூட இல்லை.

நான் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நினைத்து, புளியறை டீயைப் பற்றி அவள் வாப்பா எழுதியதை மகளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்படியேவா எழுதியிருந்தாங்க?" என்றாள்.

"சுமாரா அப்படித்தான்."

"சுமாராவா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த ஒரு வரியைக் காட்டினேன். மகள் வாய்விட்டுப் படித்தாள்.

sorry thambi. enaku tamil adika theriyadhu. kathukitu varen. kobam vendam.

"வாப்பா இப்படித்தான் பேசுவாங்களாம்மா?"

"ஆமா. யார்ட்ட பேசுனாலும் மொதல்ல சாரிதான் வரும்" என்றார் அக்கா. மகள் போனை எடுத்து அந்த வரியை மட்டும் பெரிதாக்கிப் படம் பிடித்துக்கொண்டாள்.

அக்கா கண்ணாடியைக் கழற்றவில்லை. இன்னொரு தடவை மெதுவாகத் தனக்குள் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். ஏதோ கடையில் வந்து சந்தேகம் கேட்பதைப் போலத்தான் கேட்டார்.

"இது ஒங்களுக்கு எழுதுனதுல்லா தம்பி. எனக்கு எழுதுனதுல ஒண்ணுகூட இல்லையா?"

"இல்ல அக்கா" என்றேன்.